பேச ஒரு முறை

1821 மார்ச்சில் மெட்ராஸ் கெஜட்டுக்கு யாரோ ஒருவர் எழுதிய கடிதத்தில் ஒரு மலையூரின் பெயர் வருகிறது: 'வோட்டோக்கிமண்ட்'. அந்த ஊர் ஆங்கில அச்சில் தலைகாட்டியது அப்போதுதான். பிறகு அது ஊட்டகமண்ட் ஆயிற்று. அதையும் முழுதாகச் சொல்லப் பொறுமையில்லாமல் ஊட்டி ஆயிற்று. நீலகிரித் தோடர்களின் மந்து, அதாவது குடியிருப்பு ஒன்றின் பெயர் அது. ஒத்தைக்கல் மந்து என்று பிரித்துப் பொருள் சொல்பவர்களும் உண்டு. கேட்டவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, கேட்டதைச் சொல்ல வாய் வளையவில்லை, வந்தமட்டும் எழுதினார். யாரும் அந்தத் துரையின் காதைத் திருகவில்லை. இரண்டு நூற்றாண்டுகளாக அந்தப் பிழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம், இன்று பஸ் போர்டிலும்.

அதே மலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று 'இஸ்கூல்' என்கிறது. வகுப்பு சிரிக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் 'ஸ்க' என்று தொடங்குவதில்லை. அந்த முன்னால் ஒட்டிய 'இ' ஒரு கைத்தடி, ஏறுவதற்கு வசதியாக நாக்கு தானே வைத்துக்கொண்டது. துரை 'வோட்டோக்கி' என்றதற்கும் பிள்ளை 'இஸ்கூல்' என்றதற்கும் மொழியியல் காரணம் ஒன்றேதான். ஒன்று வரைபடத்தில் ஏறியது. இன்னொன்று சொன்ன பிள்ளை அடுத்த ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி நீலகிரியில் இருந்துகொண்டு யோசித்தால், இந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவிலுள்ள தூரம் முதலில் கண்ணில் படுகிறது.

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நிற்கும் டாக்ஸி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் படகர்களின் மொழியான படகு பேசுகிறார். ஸ்டாண்டில் தமிழ். கோழிக்கோட்டிலிருந்து வந்த குடும்பம் ஏறினால் மலையாளம், மைசூர் வண்டி நின்றால் கன்னடம், வடக்கேயிருந்து வந்த புதுமணத் தம்பதிக்கு ஹிந்தி. ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் அவரிடம் எப்போதும் இடம் மாறும். பயணி சிரித்துக்கொண்டே ஏறி உட்காருவார், வாடகை படிந்துவிட்டதல்லவா. இந்த மொழிகளில் ஒன்றுக்கும் அவர் ட்யூஷன் போனதில்லை. "இங்கிலீஷ்?" என்று கேட்டால் மட்டும் கை விரிப்பார்: "நமக்கு அது வராதுங்க." தமிழை விட்டால், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் படித்த மொழி அது ஒன்றுதான்.

இவர் ஒரு விதிவிலக்கு அல்ல, இந்த மலையின் பழைய பழக்கத்துக்கு வாரிசு. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள், கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் செய்தார்கள், சாவுக்கும் திருவிழாவுக்கும் வாசித்தார்கள், படகர் தானியம் விளைத்தார்கள், குறும்பர் காட்டிலிருந்து தேனும் மற்றதும் கொண்டுவந்தார்கள். நான்கு பேருக்கும் நான்கு மொழி. கொடுக்கல் வாங்கலில் படகு பொதுமொழியாக நின்றது. ஒருவர் மொழியை இன்னொருவர் அரைகுறையாகவாவது அறிந்திருந்தால்தான் நெய்யும் பானையும் கைமாறும். இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது.

1935 முதல் 1938 வரை இந்த மலையில் திரிந்து இம்மொழிகளை எழுதிக்கொண்டவர் மர்ரே எமனோ. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர், பின்னாளில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் அவருக்குப் பின் வந்த பீட்டர் லாடஃபோகட், பெரி பாஸ்கரராவ் போன்ற ஒலியியலாளர்களும் தோட மொழியில் கண்ட ஒலிகளின் பட்டியலைப் பார்த்தால் தமிழாசிரியருக்கு மூச்சு முட்டும். உரசொலிகள் மட்டுமே ஒரு கூட்டம். நாக்கை அதிரவிட்டுச் சொல்லும் ரகரங்கள் மூன்று இடத்தில் பிறக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்மையான இணை வேறு, ஆறாகிறது. இந்தக் கூட்டத்தில் இரண்டு ஒலிகள் நம் கதைக்கு முக்கியம். 'ஃபாதர்' என்பதன் முதல் ஒலி ஒன்று. 'திங்க்' என்று நாம் எழுதி, பல்லுக்கு நடுவே நாக்கை நீட்டு என்று ஆசிரியர்கள் கண்ணாடி முன் நின்று பழக்கும் ஒலி இன்னொன்று. தமிழ்ப்பிள்ளை 'பாதர்', 'திங்' என்று தடுமாறும் அந்த இரண்டும் தோட மொழியில் பிறவியிலேயே இருக்கின்றன.

தோடர்கள் இரண்டாயிரம் பேர் அளவுதான். அவர்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது, ஆங்கிலத்தின் கடினமான ஒலிகள் சிலவற்றை வாயில் வைத்துக்கொண்டே வருகிறது. அதை யாரும் கேட்பதில்லை. பாடநூல் தமிழ் வாய்க்காக எழுதப்பட்டது. ஆசிரியரோ சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், அடுத்த கவுன்சலிங்கில் இறங்கிப் போக நாள் எண்ணுபவர். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. 'உனக்கு இது வருமே, இவங்களுக்குச் சொல்லிக்கொடு' என்று ஒரே ஒரு முறை அந்தப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தால் வகுப்பின் மேல்கீழ் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பார்க்கலாம்.

கற்பனை எதற்கு, அப்படி ஒன்று நடந்தே இருக்கிறது. கோத்தர் மொழியை எமனோவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுள்ளி. கோத்தர். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, தானும் பள்ளி ஆசிரியரானவர். முடியைக் கத்தரித்துக்கொண்டதற்காகத் தன் ஆட்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர். எமனோ 1940களில் வெளியிட்ட கோத்தர் கதைத் தொகுதிகள் சுள்ளி வாய்மொழியாகச் சொன்னவை. அதே காலத்தில் அங்கே வந்த மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாமுக்கும் சுள்ளிதான் வழிகாட்டி. 1960இல் மண்டல்பாம் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இந்த மலையில் ஒருவர் ஆங்கிலத்தை என்னத்துக்காகப் பேசினார் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. தனக்குத் தெரிந்தது எதிரே இருப்பவருக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்கு அது வேண்டும். சுள்ளியின் வாக்கியங்களில் வினைச்சொல் பிறழ்ந்திருக்கலாம், பிறழாதிருந்திருக்கலாம். நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வெள்ளைக்காரர் காத்திருந்தார்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் தேயிலைத் தோட்டம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் சின்னத்துரைகள் தமிழ் பேசக் கற்றுக்கொள்வதற்காகக் கொழும்பில் ஒரு கையடக்கப் புத்தகம் அச்சானது. தலைப்பு: 'இங்கே வா!' மொழி கற்பிக்கும் புத்தகங்களின் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான தலைப்பு வேறு உண்டா தெரியவில்லை. 1915இல் வந்த இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. துரைக்கு வேண்டியிருந்த தமிழ் ஏவல் வினையில் முடிகிற தமிழ். வா, போ, எடு, நிறுத்து. பதில் வாக்கியம் அவருக்குத் தேவைப்படவில்லை. தொழிலாளியின் பக்கமும் அப்படியே. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் பேச வேண்டிய அதிகாரபூர்வமான பேச்சு அத்தோடு சரி. அந்த நாளின் கூலிக்கே 'பேர்' என்றுதான் பெயர். அரை நாள் வேலைக்கு 'அரைப்பேர்'.

ஆனால் 'பெரட்டு' என்பது என்ன? ஆங்கிலத்தின் பரேட்தான். செக்ரோல், கண்டாக்கு, லயம், டிவிசன் என்று ஆங்கிலச் சொற்கள் வகுப்பறை ஏதும் இல்லாமல் தோட்டத்து வாய்க்குள் போய், தமிழ்ச் சொற்களாகவே வளர்ந்து நின்றன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. அதுதான் பிறகு டேன்டீ நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் குடியமர்ந்தவர்கள் தகரப்பெட்டியோடு இந்தச் சொற்களையும் கொண்டுவந்தார்கள். ஆங்கிலம் கற்கத் திராணியற்றவர்கள் என்று யாராவது சொன்னால், நூறு வருஷமாக இவர்கள் அந்த மொழியைக் காதால் பிடித்து, வாயால் வளைத்து, தினமும் பயன்படுத்தி வந்த கதையைச் சொல்லலாம். சொற்கள் இருந்தன. பேசும் முறை வரவில்லை. தமிழில் முறை என்றால் வழி. முறை என்றால் ஒருவருக்கு வரும் வாய்ப்பும்கூட. தோட்டத்தில் இல்லாமல் போனது இரண்டாவது.

தோட்டத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் அந்தப் பெரட்டுக்களம் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றுகிறது. 'குட்... மார்...னிங்... மி...ஸ்' என்று வகுப்பே இழுத்துப் பாடும். அதில் யார் குரலும் தனியாகக் கேட்காது. கேட்காமல் இருப்பதுதான் அதன் சௌகரியம். பிறகு ஆசிரியர் ஒரு பேனாவைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். இது பேனா என்று ஆங்கிலத்தில் பதில். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், பேனாவுக்கே தெரியும். ஊட்டி மார்க்கெட்டில் ஒருவர் கையில் கேரட்டை வைத்துக்கொண்டு போவோர் வருவோரிடம் இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆளை விட்டு விலகி நடப்போம். வகுப்பறையில் மட்டும் அதற்கு மொழிப்பயிற்சி என்று பெயர்.

இந்தப் பேனாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களின் இறுதியில் சென்னை மாநிலம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் புதிய முறையில் பயிற்சி தர ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் சிலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு. இலக்கு 27,000 ஆசிரியர்கள். 1962இல் இதைப் பற்றி எழுதிய டி. ஏ. ஸ்மித் இதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்; உருள உருளப் பெரிதாகும் பந்து. மெட்ராஸ் வெயிலில் பனிப்பந்து என்ன ஆகும் என்று அவர் யோசித்தாரா தெரியாது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அந்த முறையின் சாரம். அதற்கு முன்பிருந்த மொழிபெயர்ப்பு வகுப்போடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான், வாயாவது திறந்தது. ஆனால் மேலிருந்து கீழே வரவர பந்து கரைந்து, கடைசிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பேனா மட்டும் மிஞ்சியது.

இதில் சலிப்புற்றுக் கிளம்பியவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திப் பார்த்த சோதனை உலக அளவில் 'பெங்களூர்த் திட்டம்' என்று பேர் பெற்றது. 1987இல் அதை நூலாக எழுதினார். இலக்கணப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். விடையில் கவனம் இருக்கும்போது மொழி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. இன்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் பேசும் 'செயல்வழிக் கற்பித்தல்' தென்னிந்தியப் பள்ளிகளில் முளைத்தது என்பது நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் போதிய சத்தமாகச் சொல்லப்படுவதில்லை.

பிரபுவின் ரயில் அட்டவணைக்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த மலை ரயில். ஏறுவதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம் எடுக்கிறது. அதே தண்டவாளத்தில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது. ஏன்? இந்தக் கேள்வியைக் குன்னூர்ப் பிள்ளைகளிடம் போட்டால் பதில் வாய்க்குள் தங்காது. பல்சக்கரத்தைப் பார்த்திருக்கிறார்கள், குன்னூரில் எஞ்சின் மாற்றுவதைப் பார்த்திருக்கிறார்கள், தண்ணீர் பிடிக்க நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். 'அப், ஹெவி, ஸ்லோ' என்று மூன்று சொல்லில் ஒரு பிள்ளை சொன்னால், அதற்குள் ஒரு முழு வாதம் இருக்கிறது. வினைச்சொல் பிறகு வரலாம். 'திஸ் இஸ் எ டிரெய்ன்' என்பதில் ஒரு குறையும் இல்லை, ஒரு விஷயமும் இல்லை.

ஆனால் பிரபு ஓரிடத்தில் நின்றுவிட்டார். பிள்ளைகள் தங்களுக்குள் குழுவாகப் பேசுவதை அவர் ஊக்கப்படுத்தவில்லை. ஒருவர் பிழையை ஒருவர் பிடித்துக்கொண்டு அரைகுறை மொழி இறுகிவிடும் என்ற கவலை. ஆசிரியரோடுதான் பேச வேண்டும், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. கவலை நியாயமானது. ஆனாலும் மேற்படி டாக்ஸி ஓட்டுநர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அவர் ஹிந்தி முழுக்க அரைகுறையில் பிறந்தது. பத்து வருஷத்தில் பாதி தானாகவே செப்பனிட்டுக்கொண்டது. கனடாவில் மெரில் ஸ்வெயின் 1980களில் காட்டியதும் இதையொட்டியது. பிரெஞ்சு வழியிலேயே எல்லாப் பாடமும் படித்த ஆங்கிலக் குழந்தைகள் பல ஆண்டு கழித்துப் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், பேச்சு மட்டும் பின்தங்கியிருந்தது. கேட்டது ஏராளம், பேசக் கிடைத்தது கொஞ்சம்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது? எளிய கணக்குதான். நாற்பது நிமிட வகுப்பு, நாற்பது பிள்ளைகள். வருகைப் பதிவு, பாடம் வாசிப்பு, கரும்பலகை என்று ஆசிரியர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் மீதி பதினைந்து. ஆளுக்கு இருபத்திரண்டு விநாடி, அதுவும் ஒருவரும் தயங்காமல், ஒருவரும் இருமாமல் இருந்தால். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. பிள்ளைகள் பிள்ளைகளோடு பேசினால் மட்டும் மாறும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய கதை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் 'முறை வைத்தல்' என்ற வழக்கம் உண்டு. ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது சம்பள ஆசிரியர்கள் மறுத்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்துச் சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது நடந்தது. இங்கிலாந்து திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூலால் 'மெட்ராஸ் முறை' அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பெல்லின் அந்த எழும்பூர் விடுதி பிற்பாடு என்ன ஆனது தெரியுமா? 1858இல் ஊட்டியில் தொடங்கப்பட்ட லாரன்ஸ் அசைலத்தோடு 1870களில் இணைக்கப்பட்டு மலையேறிவிட்டது. இன்றைய லவ்டேல் பள்ளியின் ரத்தத்தில் திண்ணைப் பள்ளியின் ஒரு சொட்டு இருக்கிறது.

லவ்டேலிலும் அதைப் போன்ற விடுதிப் பள்ளிகளிலும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்க, மைதானத்தில் சண்டை போட, விளக்கணைத்த பிறகு கிசுகிசுக்க அந்த மொழிதான். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்கிறார்கள். லட்சங்களில் கட்டணம் கட்டுபவர்கள் வாங்குவது பாடநூலை அல்ல, இந்த மணி நேரங்களை. சில கிலோமீட்டர் தள்ளித் தேயிலை மேட்டில் இருக்கும் ஒன்றியப் பள்ளிக்கு 2012–13இல் ஆங்கில வழிப் பிரிவுகள் வரத் தொடங்கியபோது, கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் ஆசையோடு பிள்ளைகளை அதில் சேர்த்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. விளையாட்டு மைதானம் தமிழிலேயே இருந்தது, அது இயல்புதானே. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வும் மூன்று மணி நேரம் பேனாவோடு நடக்கிற விஷயம்; அங்கே வாய்க்கு வேலையில்லை. தேர்வில் இல்லாததை நம் பள்ளிகளில் யாரும் தீவிரமாக எடுத்துக்கொண்டதில்லை, உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டால் சொல்வார்.

ஆனால் அந்த ஒன்றியப் பள்ளியிடம் ஒரு சொத்து இருக்கிறது. அதை எல்லோரும் அவமானமாக நினைக்கிறார்கள். மலைப்பகுதிப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் குறைவு: பன்னிரண்டு பேர், ஒன்பது பேர், சில இடங்களில் அதிலும் கம்மி. மூடிவிடலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழும். மேலே போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒன்பது பேருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஆளுக்கு நூறு விநாடி. சமவெளியின் பெரிய தனியார் பள்ளி எதிலும் இது கிடைக்காது. பேச்சைக் கற்றுக்கொடுக்க இதைவிட வாகான அளவு வேறில்லை. கூடலூரில் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளியில் ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பழக்கினார்கள். வீட்டு மொழியில் தயங்காமல் பேசிப் பழகிய பிள்ளைதான் அடுத்த மொழியில் வாய் திறக்கும் என்பது பணியன், காட்டுநாயக்கன் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகளோடு பழகியவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் திருத்தும் ஆசிரியரும் எதையும் திருத்தாத ஆசிரியரும் ஒரே அளவு ஆபத்து. 'ஹோட்டல்' என்ற சொல்லில் ஆங்கிலேயர் பின்பாதியை அழுத்துகிறார், நாம் 'ஹோ'வை அழுத்துகிறோம். இதனால் ஊட்டியில் ரூம் கிடைக்காமல் திரும்பிப் போனவர் எவருமில்லை. இதைத் திருத்த ஒரு வகுப்பைச் செலவழிப்பது வீண். ஆனால் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் சாக்லெட் கடையில் சண்டை வரும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே முப்பத்தைந்து ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டித் தப்பிக்கிறார். பிள்ளைக்கு அழுத்தம் விழும் இடத்தைக் கற்றுக்கொடுக்க இங்கேதான் தொடங்க வேண்டும், நஷ்டம் ஏற்படும் இடத்தில்.

அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ 1970களில் கவனித்த இன்னொன்று: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்பது வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவருக்குத் தெரியும். படகில் நினைத்து, தமிழுக்கு மாற்றி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளைக்கு மூன்றும் போதாது. ஐந்து ஆகலாம். அந்த ஐந்து விநாடி மௌனத்தைத் தாங்கும் மனசு ஆசிரியருக்கு இருக்கிறதா என்பது பயிற்சிச் சான்றிதழ் எதிலும் எழுதியிருக்காது.

தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. கொழுந்து பறிக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் சேர்கின்றன. கோலி விளையாட்டில் தோற்கக் கூடாதென்றால் தமிழ் வேண்டும். சில மாதங்களில் வந்துவிடுகிறது, வசவுகள் முதலில். யாரும் அவர்களுக்குத் தமிழில் 'இது என்ன' என்று பேனாவைக் காட்டவில்லை.

மலை ரயில் கேத்திப் பக்கம் வேகம் குறைந்து வளையும்போது, தண்டவாளத்துக்கு மேலே கேரட் தோட்டத்து வரப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்பதுண்டு. ஜன்னலில் வெள்ளைக்கார முகம் ஒன்று தெரிந்தால் போதும், கையை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடுவார்கள். "ஹலோ! விச் கண்ட்ரி?" யாரும் எழுதிக் கொடுத்த கேள்வி அல்ல. 'எந்த நாடு' என்பதற்கு விடை அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலிலிருந்து ஏதோ பதில் வருகிறது. எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்கிறது. "என்னடா சொன்னாங்க?" என்று பின்னால் ஓடிவந்தவன் கேட்கிறான். "போலந்துன்னாங்க." "ஹாலந்துடா." ரயில் திருப்பத்தில் மறைந்த பிறகும் வரப்பில் அந்த வாக்குவாதம் முடியவில்லை.